உடைத்துப் பார்க்கப்பட்ட கடிதங்கள்: அகதியும் கைத்தொலைபேசியும்

கைத்தொலைபேசியை நம்பலாமா என்ற கேள்வி எம்மவர் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. கலியாண மண்டபத்தில், கோவில் வீதியில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது இந்தப் பேச்சு வரும். "வட்ஸ்அப்பில கதைச்சால் ஒருத்தராலும் ஒட்டுக்கேட்க ஏலாது" என்பார் ஒருவர். "அதெல்லாம் சும்மா கதை, எல்லாம் எங்கையோ பதிவாகிக்கொண்டுதான் இருக்கு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சிரித்துவிட்டு, "நாங்கள் என்ன களவே செய்யிறம்? கேட்கிறவன் கேட்கட்டும்" என்று பேச்சை முடித்து வைப்பார்.

மூன்று பதில்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் தவறுகின்றன. மூவருமே தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவரை மட்டும் நினைத்துப் பேசுகிறார்கள். அதற்குள் பெயரும் இலக்கமும் படமுமாக இருக்கிற மற்றவர்களை, குறிப்பாக ஊரில் இருப்பவர்களை, எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

இக்கேள்வி கைத்தொலைபேசியோடு பிறந்த ஒன்றும் இல்லை. நாடுவிட்டு நாடு போனவர் எழுதும் கடிதத்தை இடையில் யாரோ உடைத்துப் பார்ப்பது நெடுங்காலமாக நடந்து வருகிறது. அந்த வரலாற்றில் சில இடங்களில் நின்று பார்த்தால், இன்று எமது சட்டைப்பையில் இருக்கும் பொருளைப்பற்றி எந்த விளம்பரமும் சொல்லாத சில விடயங்கள் தெளிவாகும்.

லண்டன், 1844

மாஜினியின் பெயர் பாரதியாரால் எமக்குப் பழக்கமானது. இத்தாலி துண்டு துண்டாக, அதன் வடக்கில் பெரும்பகுதி ஒஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்த காலத்தில், அதை ஒரே குடியரசாக்க வேண்டுமென்று இயக்கம் கட்டியவர் அவர். சொந்த மண்ணில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தது. பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்க விடாமல் துரத்தப்பட்டு, 1837இல் லண்டன் வந்து சேர்ந்தார். அங்கே தெருத்தெருவாக வாத்தியப்பெட்டி சுழற்றிப் பிச்சைக்காசு சேர்த்த இத்தாலியச் சிறுவர்களுக்கு 1841இல் ஹற்ரன் கார்டன் பகுதியில் ஒரு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். தாய்மொழியும் சரித்திரமும் கணக்கும் அங்கே சொல்லிக் கொடுக்கப்பட்டன. புலம்பெயர்ந்த எந்தச் சமூகத்துக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

அவருடைய அரசியல் வேலை முழுவதும் கடிதத்தில்தான் நடந்தது. மோல்ற்றாவுக்கும் கோர்பூவுக்கும் பாரிசுக்கும் அவர் எழுதினார். அங்கிருந்து பதில்கள் வந்தன. 1844இன் தொடக்கத்தில் அவருக்குச் சந்தேகம் வந்தது. கடிதங்கள் சில மணித்தியாலம் பிந்தி வந்தன. உறையில் தபால் முத்திரையின் நேரத்தை மறைப்பதுபோல அதன்மேல் இன்னொரு நேரம் அடிக்கப்பட்டிருந்தது. அவர் ஒரு சோதனை செய்தார். தனக்கே கடிதம் போடும்படி நண்பர்களிடம் சொல்லி, உறைக்குள் கசகசா விதையும் தலைமயிரும் மணலும் வைக்கச் செய்தார். வந்த உறைகளில் அவை இருக்கவில்லை. உடைத்தவர்கள் கடிதத்தைக் கவனமாக மடித்து வைத்தார்கள். சிந்திய விதையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1844 யூன் 14ஆம் திகதி, பின்ஸ்பரித் தொகுதி உறுப்பினர் தோமஸ் டங்கம் இந்த முறைப்பாட்டைப் பாராளுமன்றத்தில் வைத்தார். உள்துறை அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகாம் தான் ஓர் ஆணை பிறப்பித்ததை ஒப்புக்கொண்டார். அதற்குமேல் எதுவும் சொல்ல மறுத்தார். நாடு கொந்தளித்தது. கார்லைல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மாஜினியின் நேர்மைக்குச் சாட்சி சொன்னார். "பஞ்ச்" சஞ்சிகை அமைச்சரைத் தபால்களை எட்டிப் பார்ப்பவராகக் கேலிச்சித்திரம் வரைந்தது. இரு சபைகளும் இரகசியக் குழுக்களை அமைத்து விசாரித்தன. மார்ச் தொடக்கத்திலிருந்து யூன் வரை கடிதங்கள் உடைக்கப்பட்டன என்பதும், கிடைத்த தகவலில் ஒரு பகுதி வெளிநாட்டு அரசொன்றுக்குச் சொல்லப்பட்டது என்பதும் வெளியாகின.

இதே மாதங்களில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. அத்திலியோ, எமிலியோ பந்தியேரா என்னும் சகோதரர்கள் ஒஸ்திரியக் கடற்படை அதிகாரிகளாக இருந்து, அதை விட்டு ஓடி கோர்பூத் தீவில் தஞ்சமடைந்தவர்கள். மாஜினியுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்கள். யூனில் ஒரு சிறு குழுவோடு தென் இத்தாலியின் கலாப்றியாக் கரையில் இறங்கினார்கள். அவர்களோடு வந்த ஒருவனே காட்டிக் கொடுத்தான். யூலை 25ஆம் திகதி கொசென்சா நகரருகே சகோதரர்கள் இருவரும் தோழர்கள் எழுவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

லண்டனில் உடைக்கப்பட்ட கடிதந்தான் அவர்களைக் கொன்றதா? இல்லையென்று அரசு சொன்னது. மாஜினியும் அவருடைய நண்பர்களும் நம்பவில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். ஆனால் ஒரு விடயத்தில் வேறுபட இடமில்லை. கடிதம் எழுதியவருக்கு லண்டனில் ஒன்றும் நடக்கவில்லை. பிரித்தானியச் சட்டம் அவரைப் பாதுகாத்தது. அவர் தொடர்ந்து எழுதினார், 1872வரை வாழ்ந்தார். செத்தவர்கள் கடிதத்தின் மறுமுனையில் இருந்தவர்கள். புகலிடம் கடிதத்தின் ஒரு முனையைத்தான் காக்கும்.

இந்த விவகாரத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. வெளிநாட்டுத் தபால்களை உடைப்பதற்கென்று தபாலகத்துக்குள் இயங்கிய இரகசியப் பிரிவும், ஒரே குடும்பத்தார் நூற்றாண்டுக்கு மேலாகப் பரம்பரைத் தொழில்போல நடத்திவந்த குறிநீக்கப் பிரிவும் அந்த ஆண்டே மூடப்பட்டன. கடிதம் உடைக்கும் அதிகாரத்தை அரசு சட்டத்தில் வைத்துக்கொண்டதென்றாலும், அதைப் பாவித்தவர் சபையில் எழுந்துநின்று பதில் சொல்லவேண்டி வந்தது. நல்ல அரக்கால் இது நடக்கவில்லை. கசகசா விதையும், அதை நம்பிக் கேள்வி கேட்ட ஒரு பாராளுமன்ற உறுப்பினரும், கோபப்பட்ட பொதுமக்களுந்தான் இதைச் செய்தார்கள்.

கோப்புக்கு ஆயுள் அதிகம்

பாரிசில் கிறெனெல் வீதி 79ஆம் இலக்கத்தில் ரஷ்யத் தூதரகம் இருந்தது. 1883 முதல் அங்கே ஸார் மன்னனின் இரகசியப் பொலிசான ஒக்ரானாவின் வெளிநாட்டுக் கிளை இயங்கியது. ரஷ்யாவிலிருந்து தப்பிவந்த புரட்சிக்காரரையும் மாணவரையும் யூதரையும் போலந்துக்காரரையும் கண்காணிப்பது அதன் வேலை. கட்டிட வாயிற்காவலருக்கும் தபாற்காரருக்கும் காசு கொடுத்துக் கடிதங்களைப் பெற்றார்கள். யார் யாருக்கு எழுதினார், எந்தத் தேநீர்ச்சாலையில் யாரோடு இருந்தார் என்று ஆளுக்கொரு அட்டை எழுதி அடுக்கினார்கள்.

1917இல் ஸார் ஆட்சி விழுந்தது. கோப்புகள் விழவில்லை. பாரிசில் கடைசித் தூதராக இருந்த மக்லகோவ் அவற்றை எரித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, இரகசியமாக அமெரிக்காவின் ஹூவர் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். அவர் இறந்தபின் 1957இல் பெட்டிகள் திறக்கப்பட்டன. அறுபது எழுபது வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் யாரோடு தேநீர் குடித்தான் என்பது, அவனைத் தேடிய அரசு மண்ணோடு மண்ணாகி நாற்பது வருடம் ஆனபின்பும் அப்படியே இருந்தது.

கிழக்கு ஜேர்மனியின் ஸ்ராசி இந்த வேலையை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தியது. தபாலுக்கென்று "எம்" என்னும் ஒரு பிரிவு; தொலைபேசிக்கென்று "26" என்னும் இன்னொரு பிரிவு. எல்லைக்கு அப்பால் போன உறவினருக்கு எழுதிய கடிதங்கள் நீராவியில் திறக்கப்பட்டு, வாசித்து, படம் பிடித்து, மறுபடி ஒட்டப்பட்டன. 1990 ஜனவரி 15ஆம் திகதி மக்கள் பேர்லின் தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். 1992 ஜனவரி முதல், தம்மைப்பற்றிய கோப்பைத் தாமே வாசிக்கும் உரிமை சட்டப்படி கிடைத்தது. வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆவணங்கள். வாசித்த பலருக்குத் தமது பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டதைவிட, தமது பேச்சால் இன்னொருவருக்கு வேலை போனது, பல்கலைக்கழக அனுமதி போனது என்பதே தாங்க முடியாத செய்தியாக இருந்தது.

"இன்றைய அரசு நல்லது, இன்றைய நிறுவனம் நேர்மையானது" என்பது போதாத ஆறுதல் என்பதை இவ்விரண்டு கதைகளும் காட்டுகின்றன. சேகரிக்கப்பட்டது சேகரித்தவர் கையிலேயே இருக்குமென்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. 2021 ஓகஸ்டில் காபூல் தலிபான் கைக்கு மாறிய நாட்களில் ஆயிரக்கணக்கானோர் தமது தொலைபேசியிலிருந்த படங்களையும் பெயர்களையும் அவசர அவசரமாக அழித்தார்கள். முந்திய வாரம்வரை அவை சாதாரண குடும்பப் படங்கள், வேலையிடப் படங்கள். இராணுவம் வருகுதென்று கேள்விப்பட்டு அல்பத்தைக் கிணற்றடியில் புதைத்தவர்களும் அடுப்பில் போட்டவர்களும் எம்மவரிலும் உண்டு. ஒரு படத்தின் பொருள் அதை யார் கையில் வைத்துப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பூட்டு விற்றவன் கதை

பூட்டுச் செய்து விற்பவரை நம்பலாமா என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது எம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் நடந்தது. சூக் மாநிலத்தில் கிறிப்ரோ ஏஜி என்று ஒரு நிறுவனம். இரகசியச் செய்திகளை மறைமொழியாக்கும் இயந்திரங்களை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. நடுநிலை நாட்டுச் சாமான் என்று நம்பி ஈரான், ஆர்ஜென்ரீனா, லிபியா முதலிய அரசுகள் வாங்கின. 1970 முதல் அந்த நிறுவனத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் அமெரிக்காவின் சிஐஏயும் மேற்கு ஜேர்மன் உளவுத்துறையும் என்பதும், பல இயந்திரங்கள் அவர்கள் வாசிக்கக்கூடியதாகவே செய்யப்பட்டன என்பதும் 2020 பெப்ரவரியில் அமெரிக்க, ஜேர்மன், சுவிஸ் ஊடகங்கள் சேர்ந்து வெளியிட்ட செய்தியில் முழுமையாக அம்பலமாயின. 1992இல் அதன் விற்பனையாளர் ஹான்ஸ் பூலர் ஈரானில் பிடிபட்டு ஒன்பது மாதம் சிறையிலிருந்தார். தான் விற்ற பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

2021 யூனில் இன்னொன்று வெளியானது. குற்றக் கும்பல்களிடையே "உடைக்க முடியாத தொலைபேசி" என்று பேரெடுத்து ஏறத்தாழ 12,000 விற்பனையான அனொம் என்ற சாதனத்தை எஃப்பிஐயே நடத்தி வந்திருக்கிறது. கும்பல்களுக்காக நாம் கண்ணீர்விடத் தேவையில்லை. ஆனால் "முழுப் பாதுகாப்பு" என்று தனியாக எழுதி விற்கப்படும் பொருளைப் பார்த்து மயங்காமலிருக்க இவ்விரண்டு கதைகளும் போதும்.

கம்பியிலிருந்து காற்றுக்கு

எமது சொந்த அனுபவத்துக்கு வருவோம். யுத்த காலத்தில் வடக்குக்குத் தொலைபேசி இல்லாத ஆண்டுகளில், செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம் பல குடும்பங்களுக்கு ஒரேயொரு தொடர்பாக இருந்தது. குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், ஒட்டாத தாள், வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கட்டும் என்று திறந்தே போகும். அதனாலேயே அதில் நாம் கவனமாக எழுதினோம். பின்னர் கொழும்பிலும் வவுனியாவிலும் கொமியூனிகேசன் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கதைத்த காலம் வந்தது. "அங்கை மழை எப்பிடி?" என்று கேட்டால் மழையை மட்டும் கேட்கவில்லை என்று இரு முனைக்கும் தெரியும். கேட்கிறார்கள் என்று தெரிந்து பேசுவதற்கென்று ஒரு மொழியையே எம் தாய்மார் வைத்திருந்தார்கள். அந்த அவதானம் இன்று எமக்கு இல்லை. முகம் பார்த்துக் கதைப்பதால் யாருமில்லாத அறையில் இருப்பதாக நினைத்துவிடுகிறோம்.

கைத்தொலைபேசி முதலிலிருந்தே இரண்டு பலவீனங்களோடு பிறந்தது. 1991இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஜிஎஸ்எம் முறையில், கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையில் பேச்சை மறைக்கும் கணிதம் வேண்டுமென்றே வலுக் குறைத்து வைக்கப்பட்டது. ஏற்றுமதிக்கென்று அதிலும் மெலிந்த இன்னொன்று இருந்தது. மற்றது, அழைப்பு வந்தால் கொடுக்கவேண்டுமே என்பதற்காக, கருவி எந்தக் கோபுரத்தின் கீழ் நிற்கிறது என்று வலையமைப்புக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதைத் திருத்த முடியாது. தொலைபேசி இயங்கும் விதமே அதுதான்.

சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று நிறுவனங்களுக்குள் ஒரு வாசல் வைக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்கென்று வைத்த வாசலால் கள்ளனும் வருவான் என்பதற்கு ஏதென்ஸ் சாட்சி. 2004 ஒலிம்பிக் காலத்தை அண்டி, ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தின் அந்த வாசலை யாரோ இரகசியமாகத் திறந்து, கிரேக்கப் பிரதமர் உட்பட ஏறத்தாழ நூறு பேரின் பேச்சை 2005 மார்ச்வரை கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன உளவாளிகள் புகுந்தபோது, சட்டபூர்வ ஒட்டுக்கேட்பு ஏற்பாடுகளும் அவர்களுக்கு எட்டின. அதன்பின் அமெரிக்க அதிகாரிகளே தம் மக்களைப் பார்த்து, மறையீடு செய்த செயலிகளில் கதையுங்கள் என்று சொன்னார்கள். அத்தகைய மறையீட்டை உடைக்க வழி வேண்டுமென்று பல வருடம் கேட்டுவந்த அதே அரசு!

2007இல் ஐபோனும் 2008இல் அண்ட்ரொயிட் கருவியும் வந்தபின், தொலைபேசி என்ற பெயர் மட்டுமே பழையது. அல்பம், கடிதக்கட்டு, வங்கிப்புத்தகம், முகவரிக் கொப்பி, நாட்குறிப்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள் போயின. 2013 யூனில் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் உளவு நிறுவனங்களின் அள்ளலை உலகுக்குக் காட்டின. அதன்பின் நிறுவனங்கள் பூட்டை இறுக்கின. 2014இல் ஐபோனின் உள்ளடக்கம் பூட்டு இலக்கம் இல்லாமல் நிறுவனத்தாலேயே வாசிக்க முடியாதபடி ஆனது. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் வாசிக்காதபடி எல்லாருடைய செய்திகளையும் மறையீடு செய்தது. முதலாமவர் சொல்வதில் உள்ள உண்மை இது. மாஜினிக்குக் கிடைத்த எந்த அரக்கைவிடவும் எமக்குக் கிடைத்திருப்பது நல்ல பூட்டு. ஆனாலும் அந்தப் பூட்டும் அரசுகளின் கைக்கு அப்பால் இல்லை. 2025 பெப்ரவரியில், பிரித்தானிய அரசின் இரகசிய உத்தரவு ஒன்றுக்குப்பின், இணையத்தில் சேமித்ததை முழுதாகப் பூட்டும் வசதியை அந்நாட்டுப் பாவனையாளருக்கு அப்பிள் நிறுத்திவிட்டது. எம்மவர் இலட்சக்கணக்கில் வாழும் நாடு அது.

கியூபெக்கிலிருந்து இஸ்தான்புல் வரை

உறையை உடைக்க முடியாவிட்டால், எழுதுகிறவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கலாம். அதற்கென்று ஒரு வியாபாரம் வளர்ந்தது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்ற பெகாசஸ் என்னும் மென்பொருள் தொலைபேசிக்குள்ளேயே குடியேறும். மறையீடு செய்யுமுன் எழுத்தைப் படிக்கும், ஒலிவாங்கியைத் திறக்கும். 2016இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமையாளர் அகமட் மன்சூர் தனக்கு வந்த சந்தேகத்துக்கிடமான குறுஞ்செய்தியை அழுத்தாமல் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வாளரிடம் அனுப்பினார். அதிலிருந்துதான் உலகம் இதை முதலில் தெரிந்துகொண்டது. அவருடைய கசகசா விதை அது.

2018இல் ஓமர் அப்துல்அசீஸ் என்னும் சவூதி இளைஞர் கனடாவின் கியூபெக்கில் அரசியல் தஞ்சம் பெற்று இருந்தார். பத்திரிகையாளர் ஜமால் கசோக்ஜியின் நண்பர். இருவரும் வட்ஸ்அப்பில் சவூதி அரசுக்கெதிரான திட்டங்களைப் பேசிவந்தார்கள். யூனில், ஒரு பொதி வருவதாகச் சொல்லும் குறுஞ்செய்தி அவருக்கு வந்தது. அவர் உண்மையிலேயே சாமான் வாங்கிக் காத்திருந்த நாள். அழுத்தினார். ஓகஸ்டில் சவூதியில் அவருடைய சகோதரர்களும் நண்பர்களும் கைதானார்கள். அவருடைய தொலைபேசிக்குள் பெகாசஸ் இருந்ததென்ற அறிக்கையை சிற்றிசன் லாப் ஒக்டோபர் 1ஆம் திகதி வெளியிட்டது. ஒக்டோபர் 2ஆம் திகதி கசோக்ஜி இஸ்தான்புல் சவூதித் துணைத்தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார்.

அந்தத் தொலைபேசிதான் கொலைக்கு வழிகாட்டியதா? ஓமர் அதைச் சொல்லி வழக்குப் போட்டார். தமது மென்பொருளுக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனம் மறுத்தது. 1844இன் கதை எழுத்துக்கு எழுத்து திரும்பியதுபோல இருக்கிறது. தஞ்சம் கொடுத்த நாட்டில் எழுதியவர் உயிரோடு இருந்தார். மறுமுனையில் இருந்தவர்கள் சிறைக்குப் போனார்கள், ஒருவர் செத்தார். காரணத்தை முழுதாக அறியும் வாய்ப்பு அகதிக்குக் கிடைப்பதில்லை என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

இங்கும் பதில் சொல்ல வைக்கப்பட்டார்கள். 2019இல், எடுக்காத ஓர் அழைப்பின் மூலமே ஏறத்தாழ 1,400 பேரின் தொலைபேசிகள் குறிவைக்கப்பட்டதை வட்ஸ்அப் கண்டுபிடித்து வழக்குத் தொடுத்தது. 2021 நவம்பரில் அமெரிக்கா அந்த நிறுவனத்தை வர்த்தகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2025 மேயில் நடுவர் குழு 16 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தது. ஒக்டோபரில் நீதிபதி தொகையை 40 இலட்சமளவுக்குக் குறைத்தாலும், வட்ஸ்அப் பக்கம் இனி வரக்கூடாதென்று நிரந்தரத் தடை போட்டார்.

வாசலில் பிடுங்கப்படும் தொலைபேசி

இப்படியான விலையுயர்ந்த மென்பொருள் எம்மில் பெரும்பாலோரைத் தேடி வரப்போவதில்லை. மூன்றாமவர் சொல்வதில் அவ்வளவு உண்மை உண்டு. அகதிக்கு அதைவிடச் சாதாரணமான ஆபத்து மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரி. 2017 முதல் ஜேர்மனி, கடவுச்சீட்டு இல்லாமல் தஞ்சம் கேட்பவரின் தொலைபேசியை வாங்கி, எந்த நாட்டுக்குக் கதைத்தார், எந்த மொழியில் எழுதினார் என்று இயந்திரத்தால் வாசிக்கச் சட்டம் செய்தது. ஓர் ஆப்கானியப் பெண் வழக்குப் போட்டார். வேறு மென்மையான வழிகள் இருக்க, பதிவு செய்யும்போதே தொலைபேசியை வாசித்தது சட்டவிரோதம் என்று 2023 பெப்ரவரியில் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் 2020இல் சிறுபடகில் வந்தவர்களைத் தடவிச் சோதித்து, ஏறத்தாழ 2,000 தொலைபேசிகளைப் பறித்து, பூட்டு இலக்கத்தையும் கட்டாயப்படுத்திக் கேட்டார்கள். தாய்க்கு "வந்து சேர்ந்திட்டன்" என்று சொல்லவும் வழியில்லாமல் பலர் மாதக்கணக்கில் இருந்தார்கள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது.

வழக்குப் போட்டவர்கள் அகதிகள். மொழி தெரியாத, விசா இல்லாத, இழப்பதற்கு நிறைய இருந்த மனிதர்கள். இங்கே பத்து, இருபது, முப்பது வருடமாகப் பிரசாவுரிமையோடு இருக்கும் நாம் எத்தனை தடவை எமது பாராளுமன்ற உறுப்பினரிடம் இதைப்பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்?

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், முகநூலில் நினைவுநாட் படமொன்றைப் பகிர்ந்ததற்காகக் கைதானவர்கள் உண்டு. போர் முடிந்து பத்து வருடத்துக்குப் பின்னும் நடந்தது அது. லண்டனில் இருந்தோ பாரிசில் இருந்தோ அந்தப் படத்தைத் தட்டிவிடுகிறவருக்கு அது ஒரு விரலசைவு. மட்டக்களப்பில் அதைப் பெறுகிறவரின் தொலைபேசியில் அது ஒரு சான்றுப்பொருள்.

எமது கையில் உள்ளது

ஆகவே கைத்தொலைபேசியை நம்பலாமா? பூட்டு என்ற அளவில், முந்திய எந்த அகதிக்கும் கிடைத்ததைவிட நல்ல பூட்டு. ஆனால் அது எங்கே நின்றோம், யாரோடு எத்தனை மணிக்குக் கதைத்தோம் என்பதையெல்லாம் ஓயாமல் குறித்துக்கொள்ளும் சாட்சியும்கூட. உறைக்குள் இருப்பதை மறைத்தாலும் உறையின் மேலிருப்பதை அது மறைக்காது. ஒக்ரானாவின் அட்டைகளில் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தது உறையின் மேலிருப்பதுதான்.

செய்யக்கூடிய காரியங்கள் சிறியவை. நீளமான பூட்டு இலக்கம். திருத்தப்பட்ட மென்பொருள் வந்த உடனேயே அதைப் போடுவது. பொதி வந்திருக்கு, வங்கி கூப்பிடுகுது என்று வரும் இணைப்பை அழுத்தாமல் விடுவது. செய்திகள் சில நாளில் தாமாக அழியும்படி வைப்பது. சேமிப்புப் பிரதி எங்கே, பூட்டோடா பூட்டில்லாமலா போகிறதென்று ஒருமுறை பார்ப்பது. இவை எமக்காக மட்டும் செய்வன அல்ல. உள்ளே பெயராக இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் செய்வன.

இன்னொரு பழக்கத்தையும் யோசிக்க வேண்டும். நாம் புதிது வாங்கியதும் பழைய தொலைபேசியை ஊருக்கு அனுப்புகிறோம். அன்போடுதான் அனுப்புகிறோம். ஆனால் ஐந்தாறு வருடம் பழசான பல கருவிகளுக்கு நிறுவனம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதை நிறுத்தியிருக்கும். ஓட்டை தெரிந்த பூட்டை, பொலிஸ் வீட்டுக்கு வரக்கூடிய இடத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, நல்ல பூட்டை நாம் வைத்துக்கொள்கிறோம். கொடுப்பதென்றால் திருத்தம் வரும் கருவியாகப் பார்த்துக் கொடுப்போம். இல்லையென்றால் அதில் எதைக் கதைக்கலாம், எதைக் கதைக்கக்கூடாது என்றாவது சொல்லிக் கொடுப்போம்.

ஒரு கூட்டத்தில் எடுத்த படத்தைப் போடுமுன், அதில் நிற்பவரின் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்போம். ஊரில் உள்ளவர் "இதை இதிலை கதைக்க வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுவோம். அங்குள்ள நிலை அவருக்குத்தான் தெரியும். இங்கே அரசு பூட்டை உடைக்கச் சட்டம் கொண்டுவரும்போது, அது வேறு யாருக்கோ என்று சும்மா இராமல் வாய் திறப்போம். வாக்குரிமையும் பேச்சுரிமையும் எமக்கு இங்கே இருக்கின்றன. அவை இல்லாதவர்களின் பெயர்கள்தான் எமது தொலைபேசிக்குள் இருக்கின்றன.